கானூரைப் பங்கு போட்ட கதை

முன்னொரு காலத்தில் வெள்ளாற்று நாட்டைச் செங்கீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஆனால் ஒரே மகன் பொற்செழியன் என்றால் மட்டும் அவனுக்கு உயிர்.

மேற்கே மலைநாட்டு ராஜாவோடு அவனுக்குத் தலைமுறைப் பகை. இரண்டு நாட்டுக்கும் நடுவில் கானூர் என்று ஒரு துண்டு நாடு. இந்தப் பக்கத்து மாடு அந்தப் பக்கம் போய் மேய்ந்துவிட்டால், கானூர்த் தலைவன் வேட்டன் ஒரு குடம் தேனைத் தூக்கிக்கொண்டு போய், தான் செய்யாத தப்புக்குத் தானே மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவான். அங்கிருந்து மாடு வந்தாலும் அப்படித்தான். நாற்பது வருஷம் சண்டையில்லாமல் போனது. பாவம், அந்த மனுஷனை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

ஒருநாள் படைத்தலைவரான தளவாய் சூரப்பர் ஓர் ஓலையோடு சபைக்கு வந்தார். மந்திரி திருமேனியைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா! மலைநாட்டான் சமாதானத்துக்கு வந்துவிட்டான். கானூரில் ஆளுக்குப் பாதி. இனி நமக்குள் சண்டையே கிடையாது. நம் பாதிக்கு இளவரசரே காவல் போகட்டும்!"

சபை ஆரவாரம் செய்தது. மந்திரி மட்டும் ஓலையை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தார்.

"என்ன மந்திரி, இதிலும் குற்றமா? நாளைக்குள் காட்டும். காட்டாவிட்டால் நீர் தளவாயின் பல்லக்கைத் தூக்க வேண்டும்" என்றான் ராஜா.

"தூக்குகிறேன், மகாராஜா. காலையில் யானைக் கொட்டாரத்துக்கு எழுந்தருள வேண்டும்."

கொட்டாரத்தில் இரண்டு கொம்பன்கள். ஒன்றுக்கு ஒன்று ஆகாது. அதனால் நடுவில் ஒரு கிழட்டுப் பெண்யானையைக் கட்டிவைப்பது பாகர்கள் வழக்கம். மறுநாள் மந்திரி ஓலையை விரித்துக் கொம்பன்களுக்கு வாசித்தார்.

"கொம்பன்மார்களே, கேளுங்கள்! கிழவியின் இடத்தில் ஆளுக்குப் பாதி. அவள் கரும்பிலும் ஆளுக்குப் பாதி. இனி உங்களுக்குள் சண்டையே கிடையாது!"

பாகன் பெண்யானையை அவிழ்த்துக்கொண்டு போனான். கரும்பு தீருமுன்னே கொம்பன்கள் இரண்டும் மோதியதில் தூண் முறிந்தது. தலைதெறிக்க ஓடிய சூரப்பர் யானை லத்திக் குவியலில் போய் விழுந்தார்.

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

சூரப்பர் முகத்தைத் துடைத்தபடி, "யானை மிருகம், மகாராஜா. இங்கே வாக்குக் கொடுப்பவர்கள் இரண்டு ராஜாக்கள்" என்றார்.

"அட, அதுவும் சரிதான்!" என்று ராஜா ஓலையில் முத்திரை வைத்துவிட்டான்.

வேட்டனைக் குடும்பத்தோடு விரட்டினார்கள். கானூர் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் இளவரசன் படை, அந்தப் பக்கம் மலைநாட்டுப் படை. மூன்றாம் மாதம் நம் குதிரை ஒன்று கோடு தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தது. அவ்வளவுதான். அவர்கள் குதிரையை வெட்டினார்கள், நம்மவர்கள் ஆளை வெட்டினார்கள். மன்னிப்புக் கேட்க நடுவில் ஆளில்லை. இரண்டு ராஜாக்களும் அதே ஓலையை எடுத்துப் பார்த்து, மீறியவன் நீதான் என்று படையெடுத்தார்கள். முன்பெல்லாம் சண்டைக்குக் காரணம் தேட வேண்டும். இப்போது எழுதியே வைத்திருந்தார்களே!

பதினோராம் நாள் பொற்செழியனை வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.

ராஜா சூரப்பரின் பட்டத்தைப் பறித்து நாடு கடத்தினான். என்ன செய்து என்ன? போன உயிர் திரும்பவில்லை. மந்திரி வீட்டு வாசலுக்குத் தானே நடந்து வந்து நின்றான்.

"திருமேனி, உமக்குத் தெரிந்திருந்ததே! என் கையைப் பிடித்துத் தடுத்திருக்கக் கூடாதா? யானையைக் காட்டி விளையாடினீரே!"

மந்திரி அழுதுவிட்டார்.

"நேராகச் சொன்னால் என் தலை போய்விடுமோ என்று பயந்தேன், மகாராஜா. அதனால்தான் வேடிக்கையாகச் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள், நானும் மாலையை வாங்கிக்கொண்டேன். போனது இளவரசர் தலை."