ஆளுக்கொரு குரல்

கொள்ளிடக்கரை மடத்தில் தையலம்மையிடம் பாடம் கேட்க வந்தவர்களில் கலியபெருமாள்தான் மூத்தவர். குருவைவிடவே பதினைந்து வயது பெரியவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அமங்கலமான சொல் எதுவும் அவர் வாயில் வராது. விளக்கை அணை என்று சொல்லமாட்டார், மலையேற்று என்பார். அரிசி தீர்ந்துபோனால் பானை நிறைந்திருக்கிறது என்பார். வெளியூர்க்காரரான சக சீடர் சட்டநாதன் அதை அப்படியே நம்பிக் கடைக்குப் போகாமல் இருந்துவிட, ஒருநாள் மடமே பட்டினி கிடந்தது.

மாசியில் அவருக்கு இரண்டாவது முறையாக நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டார். டாக்டர், கலியபெருமாளின் மகள் சுகுணாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னொரு தடவை வந்தா அவரால பேச முடியாமப் போகலாம். மூச்சுக்கு மெஷின் வைக்கலாமா, வேண்டாமா, எதுவரைக்கும்னு இப்பவே அவர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிடுங்க."

சுகுணா ஒரே பெண். தாய் இல்லை. நாளைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவள்தான் பதில் சொல்லியாக வேண்டும். என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. அப்பாவிடமே கேட்டுவிட மடத்துக்கு வந்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா என்னம்மா பேச்சு இது?" என்றார் கலியபெருமாள். "வேற ஏதாவது பேசு."

அவள் கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதாள். அவருக்கும் மனசு கேட்கவில்லை. உள்ளே வந்து குருவின் முன் உட்கார்ந்தார்.

"அம்மா, இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைக்கணுமா? வாயால சொன்னா அதுவே நடந்துடாதா?"

தையலம்மை பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். நாரைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பாயில படுங்க" என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான். நான் எழுந்திரிக்கச் சொல்ற வரைக்கும் பேசக் கூடாது. கையைக் காலை அசைக்கக் கூடாது."

கலியபெருமாள் படுத்தார். உச்சி வெயில் நேரம். கூடத்தில் காற்று நின்றுபோயிருந்தது. முற்றத்து வாழையில் ஓர் இலைகூட ஆடவில்லை.

தையலம்மை எல்லோரையும் கூப்பிட்டாள். சட்டநாதன் வந்தார். சமையல்காரி அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இது சும்மா ஒரு ஒத்திகை" என்றாள் தையலம்மை. "இவர் பேச்சில்லாம கிடக்கார்னு வச்சுக்குங்க. உயிர் இழுத்துக்கிட்டு இருக்கு. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. என்ன செய்வீங்க?"

அஞ்சலை சிரித்துவிட்டாள். "பெரியவருக்கு வயல்னா உயிரு. மண்ணைக் கரைச்சு ஊத்த வேண்டியதுதான்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு எதன்மேல் ஆசையோ அதைக் கரைத்து வாயில் விட்டால் உயிர் நிம்மதியாகப் பிரியும் என்பார்கள். அஞ்சலை வாழையடியில் ஒரு சிட்டிகை மண் எடுத்து டம்ளரில் கரைத்து, நிஜமாகவே அவர் உதட்டில் விட்டாள். வயலை விற்ற அன்றுதான் கலியபெருமாள் நிம்மதியாகத் தூங்கினார். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

"மண்ணு இல்லை, பொன்னாயிருக்கும்" என்றார் சட்டநாதன். தம் மோதிரத்தைக் கழற்றிக் கல்லில் நீர்விட்டு உரசி, அந்தத் தண்ணீரை விட்டார். கலியபெருமாள் கல்யாணத்தன்றுகூட மோதிரம் போட்டவரில்லை. உள்ளுக்குள் அவருக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது அஞ்சலை திடுக்கிட்டாள். "இப்ப ஏதோ சொன்னாரே! மண்ணுன்னு சொன்னாரு."

"பொன்னுன்னு சொன்னார். என் காதுல விழுந்தது" என்றார் சட்டநாதன்.

இருவரும் சிரிக்கவில்லை. கலியபெருமாள் எதுவும் சொல்லவில்லை. அவர் உதடு அசையவே இல்லை.

சுகுணா மண்டியிட்டு அவர் காதருகே குனிந்தாள். "அப்பா, உங்களுக்கு என்ன வேணும்? நான் என்னப்பா செய்யட்டும்?"

ஒத்திகையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எழுந்து உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தார். நாக்கு புரளவில்லை. கையைத் தூக்கப் பார்த்தார். அது பாயிலேயே கிடந்தது.

அப்போது குரல் கேட்டது. பிளாட்பாரத்தின் மறுகோடிவரை எட்டுகிற கட்டைக்குரல். அவருடைய குரலேதான். அவருடைய தலைமாட்டிலிருந்து வந்தது.

"விடாதே சுகுணா. என்ன ஆனாலும் என்னை விட்டுடாதே."

சுகுணா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடமாட்டேம்ப்பா. எத்தனை குழாய் போட்டாலும் சரி, எத்தனை மாசம் ஆனாலும் சரி. யார் சொன்னாலும் மெஷினை எடுக்க விடமாட்டேன். சத்தியம்."

வேண்டாம், வேண்டாம் என்று அவர் உள்ளே அலறினார். பக்கத்துப் படுக்கைக்காரர் குழாய்களோடு கிடந்ததை ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்த்தவர் அவர். அப்படி ஒரு நாள்கூடக் கிடக்கக் கூடாது என்று அன்றே மனதுக்குள் முடிவு செய்திருந்தார். மனதுக்குள்தான். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

"எழுந்திரிங்க" என்றாள் தையலம்மை.

கை அசைந்தது. கலியபெருமாள் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தார். சட்டையெல்லாம் வேர்வை. வாயில் மண் நெறுநெறுத்தது.

"நான் பேசலை" என்றார். "ஒரு வார்த்தை பேசலை."

"பேசினீங்கப்பா" என்றாள் சுகுணா. "விடாதேன்னு சொன்னீங்க. உங்க குரல்தான்."

"சாமி சத்தியமா மண்ணுன்னுதான் கேட்டுச்சு" என்றாள் அஞ்சலை.

கலியபெருமாள் குருவைப் பார்த்தார். "எனக்கும் கேட்டுதும்மா. அது யார் குரல்?"

"உங்க குரல்தான்" என்றாள் தையலம்மை. "நீங்க அதை வேண்டாம்னு கீழே வச்சிருந்தீங்க. உங்க மேல பிரியம் உள்ளவங்க ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டாங்க."

கலியபெருமாள் பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தார். பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"சுகுணா, கேட்டுக்க. மறுபடி எனக்கு வந்து, இனிமே நினைவு திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டா, குழாய் வேண்டாம். மெஷின் வேண்டாம். வலிக்கு மட்டும் மருந்து குடுக்கச் சொல்லு. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துடு. நான் சாகும்போது நீ பக்கத்துல இருந்தாப் போதும். எனக்காக நீதான் பதில் சொல்லணும். எழுத வேண்டியதை எழுதித் தர்றேன். உன் மேல ஒரு பழியும் கிடையாது."

சாகும்போது என்ற சொல்லை அவர் வாயில் யாரும் கேட்டதில்லை. அஞ்சலை சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை.

சுகுணா அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"இப்பப் பேசுறது நீங்கதானாப்பா?"

கலியபெருமாள் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் தையலம்மை. "அவ நம்புற வரைக்கும் சொல்லுங்க. வாய் இன்னும் உங்ககிட்டதான் இருக்கு."