பெற்றோரை நட்ட பரீட்சை

வேளாண்மைக் கல்லூரி ஒன்றில் செங்கோடன், தவசி, குருநாதன் என்று மூன்று மாணவர்கள் இருந்தார்கள். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். "புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கடா" என்றால், தலைகீழாகப் புரட்டிவைத்துப் பார்ப்பார்கள்.

மரபியல் பாடத்தில் செங்கோடன் ஏற்கெனவே கோட்டை விட்டவன். இந்தத் தடவையும் போச்சென்றால் மாமாவின் செங்கல் சூளைதான் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் பேராசிரியர் பேசப் பேச, மூச்சுவிடாமல் கேட்டான்.

"நாளைக்குக் கலப்பினம் பத்தின தேர்வு. ஆளுக்கு ரெண்டு பெற்றோர் கொண்டு வாங்க. ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. பாத்தியில நட்டு, தண்ணி ஊத்தி வைங்க. நான் வந்து பார்த்து மார்க் போடுறேன்."

அறைக்கு வந்ததும் செங்கோடன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"உங்க ரெண்டு பேருக்கும் அப்பா நெட்டை, அம்மா குட்டை. எங்க வீட்டுல ரெண்டு பேரும் ஒரே உயரம்டா!"

தவசி தாடையைத் தடவினான். "உங்கப்பாவைக் கொஞ்சம் ஆழமா நட்டுட்டா?"

"சார் கண்டுபிடிச்சிட்டார்னா?"

"மண்ணுக்கு மேல இருக்கறதைத்தானே அளப்பாரு," என்றான் குருநாதன்.

மறுநாள் காலை, தகவல் கிடைத்து அடித்துப்பிடித்து வந்த பெற்றோர் எல்லோரும் பாத்தியில் வரிசையாக நின்றார்கள். செங்கோடனின் அம்மா கணுக்கால் வரை. அப்பா காளியண்ணன் இடுப்பு வரை.

"பையன் படிப்புக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?" என்றார் காளியண்ணன். செங்கோடன் கண்கலங்கி, அவருக்கு மட்டும் ஒரு குடம் கூடுதலாக ஊற்றினான்.

பேராசிரியர் வந்தார். பார்த்தார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா இது?"

"பெற்றோர் சார்."

"பெற்றோர்னா செடிடா! ரெண்டையும் கலந்தா வருமே, முதல் தலைமுறை, அதைப் பத்தித்தான்டா தேர்வே!"

மூவரும் நெஞ்சை நிமிர்த்தினார்கள். "அது நாங்கதான் சார்."

பெயில் போட்டால் அடுத்த முறை தாத்தா பாட்டியை நட்டுவைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. மூவருக்கும் பாஸ் போட்டார். "முதல்ல இவங்களைப் பிடுங்கி ஊருக்கு அனுப்புங்கடா!"

செங்கோடன் பதறினான். "வெறுமனே பிடுங்கினா வேர் அறுந்துடுமே சார்!"

அம்மாவையும் அப்பாவையும் மண்ணோடு பெயர்த்தெடுத்து, காலில் ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டி, பஸ்ஸில் தூக்கி வைத்தான். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏங்க, நீங்க ஆளா, லக்கேஜா?"

காளியண்ணன் சாக்கை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"லக்கேஜுன்னே போடுங்க தம்பி. நாங்க இன்னும் வேர் பிடிக்கலை."