செடிக்குத் தண்ணி காட்டின கதை

யாரு மாமா திருடி? நானா? இருங்க, கையை இறக்குங்க. நீங்க பேசினத எல்லாம் கேட்டாச்சு, இப்ப நான் பேசுறேன். நூத்திப்பத்து வீடு இருக்கிற ஏரிக்கரை நகர் குரூப்புல, நேத்து காலையில எல்லாரும் காப்பி குடிக்கிற நேரமாப் பாத்து, தண்ணி திருடின்னு என் பேரையும் போட்டோவையும் போட்டுருக்கீங்களே, அந்தப் போட்டோவுல நான் என்ன செஞ்சுக்கிட்டு இருக்கேன்னாவது பாத்தீங்களா? கை கழுவிக்கிட்டு இருக்கேன். கை கழுவுறது திருட்டுன்னா இந்த காலனியில யோக்கியன்னு ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க. சில பேரு மிஞ்சலாம். அவங்க யாருன்னு நான் சொல்ல விரும்பல.

நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்க இங்க இல்ல. மகளைப் பாக்க பெங்களூரு போயிட்டீங்க, நாப்பது நாளு. காலனிச் சங்கத்துக்கு நீங்க செயலாளர், வறட்சி நேரம், எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில தண்ணி வருது, அது வர்ற சத்தம் மட்டும் ஏழு நாளா வந்துக்கிட்டு இருக்கு. நகராட்சிக்காரங்க வந்து தெருமுனையில நோட்டீஸ் ஒட்டிட்டுப் போறாங்க, வீட்டுத் தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு. அன்னிக்குத்தான் நீங்க பெட்டியத் தூக்குறீங்க. நல்லது. போங்க.

ஆனா சாவிய யாருகிட்ட குடுத்தீங்க? விவசாயக் காலேஜுல மூணாவது வருஷம் படிக்கிறவ, பக்கத்து வீட்டுக்காரி, உங்க தோட்டத்துல என் கையால எட்டு கத்தரிச் செடி வச்சவ, என்கிட்டயா? இல்ல. சின்னப் பிள்ளைக்குப் பொறுப்பு வராதுன்னு சொல்லிட்டு மூணு பெரியவங்ககிட்ட குடுத்தீங்க. ஒண்ணு, சங்கத் தலைவர் பரஞ்சோதி அண்ணாச்சி. அவரு யோசிக்காம ஒரு வார்த்தை பேச மாட்டாரு, யோசிச்சுட்டுப் பேசினாலும் வித்தியாசம் இருக்காது. ரெண்டு, கோமு சார். முப்பது வருஷம் ஆபீஸுல ஃபைல் பாத்தவரு, எழுதினதுக்கு மேல ஒரு புள்ளி கூட செய்ய மாட்டாரு. மூணு, வடிவு அத்தை. அவங்களுக்கு எல்லாத்து மேலயும் பாசம். அதுதான் பிரச்சினையே.

அந்தச் செடி எனக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும் மாமா. முள்ளிப்பட்டி மாரிக்கனி அக்காகிட்ட இருந்த கடைசி விதை அது. வெள்ளக் கத்தரி, மேல பச்சைக் கோடு ஓடும். இந்த வறட்சியில அவங்க தோட்டம் மொத்தமும் போச்சு. டப்பாவத் தட்டிப் பத்து விதையத் தந்து, ஒரு காயாவது பழுக்க வச்சு எனக்கு விதை திருப்பிக் குடு தாயின்னு சொன்னாங்க. எங்க வீட்டுல மண்ணுன்னு இருக்கிறது செருப்புல ஒட்டினதுதான். அதனாலதான் உங்க தோட்டம்.

நீங்க அவசரத்துல ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்க. நாலே வரி. அந்த நாலு வரியால இந்த காலனியில நாப்பது நாளு நடந்த கூத்த இப்பக் கேளுங்க.

மொத வரி: "காலையில செடிக்குத் தண்ணி காட்டவும்."

மறுநாள் ஆறு மணிக்கு நான் மதில் மேல எட்டிப் பாக்குறேன். மூணு பேரும் தோட்டத்துல நிக்கிறாங்க. அண்ணாச்சி கையில எவர்சில்வர் செம்பு, அதுல தண்ணி. ஒவ்வொரு செடி முன்னாடியும் நின்னு, செம்பைச் சாய்ச்சு, உள்ள தெரியுற மாதிரி காட்டிட்டு நகர்றாரு.

"நல்லாப் பாத்துருச்சா அத்தை?"

"வெண்டை பாத்துருச்சு. புடலை மேல பாத்துக்கிட்டு இருக்கு, இன்னொரு தடவை காட்டுங்க."

நான் மதிலுக்கு மேல இருந்து கத்துனேன். "அண்ணாச்சி, தண்ணி காட்டுறதுன்னா ஊத்துறது!"

கோமு சார் கண்ணாடியத் துடைச்சு மாட்டுனாரு. "ஏ பிள்ள, ரெண்டாவது வரி என்ன தெரியுமா? குழாய்த் தண்ணி ஊத்தக் கூடாது. ஊத்தக் கூடாதுன்னும் எழுதி, காட்டவும்னும் எழுதியிருக்காருன்னா, ரெண்டும் வேற வேறன்னுதானே அர்த்தம்? படிக்கிற பிள்ளைக்கு இது கூடத் தெரியலயே."

நாலு நாளு காட்டுனாங்க. அஞ்சாம் நாளு செடி எல்லாம் தலையத் தொங்கப் போட்டுருச்சு. வடிவு அத்தைக்குக் கண்ணு கலங்கிருச்சு. "தினமும் காட்டிட்டுக் குடுக்காம போனா யாருக்குத்தான் மூஞ்சி வாடாது? நாளையில இருந்து தண்ணிய மூடி வச்சுக் காட்டுவோம், ஆசைப்படாது."

மூடி வச்சுக் காட்டுனாங்க மாமா. மூடின செம்பை. செடிக்கு.

நான் காலேஜுக்கு லீவு போட்டுட்டு வந்து அவங்க மூணு பேரு முன்னாடியும் உக்காந்தேன். ரெண்டாவது வரிய முழுசாப் படிங்கன்னேன். "குழாய்த் தண்ணி ஊத்தக் கூடாது. கழுவின தண்ணி மட்டும் ஊத்தவும்." புரியுதா அண்ணாச்சி, கழுவின தண்ணி ஊத்தலாம், நகராட்சியே ஒண்ணும் சொல்லாதுன்னேன். அண்ணாச்சி முகம் மலர்ந்துச்சு. எனக்கும் மலர்ந்துச்சு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.

"கழுவின தண்ணி," அண்ணாச்சி தாடையத் தடவுனாரு. "தண்ணிய எத வச்சுக் கழுவுறது?"

"அழுக்குச் சட்டைய எதால கழுவுறோம்? தண்ணியால. அப்ப அழுக்குத் தண்ணியயும் தண்ணியாலதான் கழுவணும்," கோமு சார் சொன்னாரு.

"சோப்பு?"

"வேண்டாம், சீயக்காய் போதும். பச்சத் தண்ணி, தாங்காது." இது அத்தை.

எட்டு நாளைக்கு ஒரு தடவை வர்ற தண்ணியில நாலு டிரம்மு மாமா! ஒரு வாளித் தண்ணியக் கழுவுறதுக்கு நாலு டிரம்மு! வாளிக்குள்ள கையை விட்டு உருட்டி உருட்டித் தேய்ச்சு, மேல மேல நல்ல தண்ணி ஊத்தி அலசி, வழிஞ்சு ஓடினது பூராவும் அழுக்குன்னு சாக்கடையில தள்ளி விட்டாங்க. கடைசியில ஒரு வாளி மிஞ்சிச்சு. சரி, அதையாவது ஊத்துங்கடான்னு நான் மதில்ல தொங்கிக்கிட்டு இருக்கேன்.

"இருங்க," கோமு சார் கையைத் தூக்குனாரு. "கழுவினா காய வைக்கணும்ல? ஈரத்தோட குடுத்தா செடிக்குச் சளி பிடிக்கும்."

மொட்டை மாடியில ரெண்டு பெரிய தாம்பாளத்துல ஊத்தி, வெயில்ல காய வச்சாங்க. சாயங்காலம் போய்ப் பாத்தா தாம்பாளம் சுத்தமா இருக்கு.

"நல்லாக் காஞ்சிருக்கு," அண்ணாச்சிக்குத் திருப்தி. "ஆனா எங்க?"

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும். துணிக் கிளிப்பு போட்டுருக்கணும்."

மறுநாள் கிளிப்பு போட்டாங்க. அதை நான் சொல்லப் போறதில்ல. எனக்கு ரத்தக் கொதிப்பு வர்ற வயசு இல்ல.

மூணாவது வரி: "வெயிலுக்கு மூடாக்கு போடவும்." மண்ணு மேல காஞ்ச சருகு, வைக்கோலு பரப்பினா ஈரம் போகாதுன்னு நானே உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. உங்க கையெழுத்து இருக்கே, அதுல மூடாக்கும் முக்காடும் ஒரே மாதிரிதான் இருக்கு. இத நான் ஒத்துக்கிறேன். ஆனா ஒரு மனுஷன் செடிக்கு முக்காடு போடச் சொல்லுவாரான்னு ஒரு நொடியாவது யோசிக்கணும்ல? யோசிச்சாங்க. ரெண்டு மணி நேரம் யோசிச்சாங்க. எதப் பத்தின்னு கேளுங்க.

"புடலங்கா ஆம்பளையா, பொம்பளையா?"

"நீளமா இருக்கு. ஆம்பளைதான்."

"அப்ப அதுக்குத் துண்டு போதும். முருங்கைக்குத் தலையில உருமா கட்டிரலாம்."

வடிவு அத்தை வீட்டுல இருந்த பழைய வெள்ளச் சேலை பூரா வந்துருச்சு. எட்டு கத்தரியும் தலையில முக்காடு போட்டு வரிசையா நிக்குது. தெருவுல போறவங்க எட்டிப் பாத்தா, வெள்ளை முக்காட்டுல வரிசையா தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு எட்டு உருவம். ஏழாம் நம்பர் வீட்டுக்காரங்க குடும்பத்தோட வந்துட்டாங்க, செயலாளருக்கு என்ன ஆச்சுன்னு. ஆமா மாமா, உங்களுக்குத்தான். உங்க வாசல்ல உக்காந்து பதினஞ்சு பேரு அழுதாங்க. நல்ல மனுஷன்னு சொன்னாங்க. இன்னைக்கு நீங்க பேசினதக் கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டாங்க.

அண்ணாச்சி ஓடி வந்தாரு. நீங்க உசுரோடதான் இருக்கீங்கன்னு சொல்ல வந்தாருன்னு நெனச்சேன்.

"அழுறவங்க எல்லாம் தயவுசெஞ்சு செடிக்குப் பக்கத்துல உக்காந்து அழுங்க. அது குழாய்த் தண்ணி இல்ல!"

கோமு சார் சீட்ட எடுத்துப் பாத்துட்டு, "கன்னத்தக் கழுவிக்கிட்டு வர்ற தண்ணிதான். செல்லும்"னாரு.

இதுக்கு மேல நான் என்ன செய்ய? மதிலோரம் இருந்த ஒரே ஒரு செடி எனக்குக் கை எட்டும். அன்னையில இருந்து எங்க வீட்டுல யாரு கை கழுவினாலும், சாப்புட்டு வாய் கொப்புளிச்சாலும், அரிசி களைஞ்சாலும், எல்லாம் ஒரு சட்டியில பிடிச்சு அந்த ஒரு செடிக்கு ஊத்துனேன். சில நாளு சட்டிய விட்டுட்டு மதில் மேலயே கையை நீட்டிக் கழுவுனேன். அதத்தான் உங்க மூணு பேருல யாரோ போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிருக்காங்க. ஏழு செடி கருகிருச்சு. அந்த ஒண்ணு தளதளன்னு நின்னுச்சு. ஒரு பூ. அப்புறம் ஒரு பிஞ்சு.

பாராட்டினாங்கன்னு நெனச்சீங்களா? விசாரணை வச்சாங்க.

"எல்லாச் செடியும் கட்டுப்பாட்ட மதிச்சு ஒழுங்காக் காயுது," அண்ணாச்சி அந்தச் செடியப் பாத்து விரலை நீட்டுனாரு. "நீ மட்டும் ஏன் பச்சையா இருக்க?"

செடி காத்துல ஆடுச்சு.

"கேட்டதுக்குப் பதிலே சொல்ல மாட்டேங்குது. திமிரு," கோமு சார் எழுதிக்கிட்டாரு.

"பாவம், அதட்டாதீங்க. வயித்துல காயோட இருக்கு," அத்தை முக்காட்டச் சரி பண்ணி விட்டாங்க.

அது மட்டும்தான் மாமா இந்த நாப்பது நாள்ல யாராவது பேசின புத்தியுள்ள பேச்சு.

காய் பழுத்துச்சு. வெள்ளை மாறி மஞ்சளாச்சு. உள்ள நூறு விதைக்கு மேல இருக்கும். இன்னும் ரெண்டு நாளு விட்டா எடுத்துரலாம். அந்த ரெண்டு நாளு எனக்குப் பரிட்சை. போகும்போது மூணு பேரையும் கும்பிட்டு, ஒண்ணும் செய்யாதீங்க, சும்மா இருங்க, அது போதும்னு சொல்லிட்டுத்தான் போனேன். ஆனா சீட்டுல நாலாவது வரி ஒண்ணு மிச்சம் இருந்துச்சு.

"ஒரு காயை விதைக்கு விடவும்."

நீங்களும் நானும் என்ன நெனைப்போம்? பறிக்காம செடியிலயே பழுக்க விடணும்னு. அவங்க விட்டுட்டாங்க மாமா.

"விடச் சொல்லியிருக்காரு. எங்க விடுறது?"

"சொந்த ஊருலதான். அந்தப் பிள்ள விதைய முள்ளிப்பட்டியில இருந்துதானே கொண்டு வந்துச்சு?"

"அப்ப டவுன் பஸ்ஸு."

பறிச்சாங்க. அத்தை அதுக்குச் சின்னதா ஒரு முக்காடு போட்டு விட்டாங்க, வழியில வெயிலு படும்ல. பஸ் ஸ்டாப்புல வச்சு ஒரு பெரிய வாக்குவாதம். டிக்கெட்டு எடுக்கணுமா, வேண்டாமா? ஆம்பளைன்னா எடுக்கணும், பொம்பளைன்னா ஃப்ரீ.

"வயித்துக்குள்ள விதை இருக்கு. பொம்பளதான்," கோமு சார் தீர்ப்பு சொன்னாரு.

முக்காடு போட்டிருந்ததால கண்டக்டரும் குனிஞ்சு பாக்கல, மகளிர் டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டாரு. ஜன்னலோரமா உக்கார வச்சு, பத்திரமாப் போயிட்டு வான்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

பரிட்சை முடிஞ்சு வந்தேன். செடியில காம்பு மட்டும் இருக்கு. நடந்தத அவங்களே பெருமையாச் சொன்னாங்க. மாரிக்கனி அக்காவுக்குப் போன் போட்டேன். அவங்க ஊரு பஸ் ஸ்டாப்புல போய்ப் பாத்தாங்க. எட்டு பேரு இறங்கினாங்களாம், அதுல ஒருத்தரும் கத்தரிக்காய் இல்லையாம்.

அது இறங்கல மாமா. இன்னும் பஸ்ஸுலதான் இருக்கு. இங்க இருந்து முள்ளிப்பட்டி, முள்ளிப்பட்டியில இருந்து இங்க, ஒரு நாளைக்கு ஆறு தடவை. பஸ்ஸு நம்ம ஸ்டாப்பத் தாண்டும்போதெல்லாம் மூணு பேரும் நின்னு டாட்டா காட்டுறாங்க. "ஏறி எடுத்துட்டு வரக் கூடாதா?"ன்னு கேட்டேன். "விடச் சொன்னாரு. பிடிக்கச் சொல்லலயே"ன்னாரு கோமு சார்.

நானே ஏறினேன். நேத்து, பத்தே கால் பஸ்ஸு. இருக்கு, ஜன்னலோரமா, முக்காடு கொஞ்சம் நழுவி, இன்னும் நல்லா மஞ்சளா. கையை நீட்டுனேன். கண்டக்டர் தடுத்துட்டாரு. அவரு நம்ம ஆறாம் நம்பர் வீட்டு மாப்பிள்ளை, குரூப்புல இருக்காரு, நீங்க போட்டத அவரும் பாத்துட்டாரு. "டிக்கெட்டு எடுத்த பயணிய ஒரு திருடிகிட்ட எப்படிம்மா ஒப்படைப்பேன்? உங்க செயலாளர் வந்து சொல்லட்டும்"ன்னு என்னை இறக்கி விட்டுட்டாரு.

இன்னும் ரெண்டு நாளு மாமா. அதுக்கு மேல போனா அழுகிரும், அந்த விதை இந்த ஊருலயே இல்லாமப் போயிரும். இதெல்லாம் மூச்சு வாங்க இப்பத்தான் உங்ககிட்ட சொன்னேன், அதுக்கும் நீங்க என்னைத்தான் திட்டுறீங்க, சின்னக் காய அவ்வளவு தூரம் துணைக்கு ஆள் இல்லாம அனுப்பினதுக்கு!

முடியாது. இனிமே குரூப்புல மெசேஜ் போட்டு ஒளிஞ்சுக்க முடியாது. நாளைக்குக் காலையில பத்தே காலுக்கு நம்ம ஸ்டாப்புக்கு வாங்க. அண்ணாச்சி இருக்கணும், கோமு சார் இருக்கணும், அத்தை இருக்கணும், உங்களுக்காக அழுத பதினஞ்சு பேரும் இருக்கணும். பஸ்ஸு நிக்கும். படியில ஏறி நின்னு, கண்டக்டர் காதுலயும் காலனி காதுலயும் விழுற மாதிரி சத்தமாச் சொல்லுங்க. இந்தச் செண்பகவல்லி திருடியா, இல்லையா? அந்தக் கத்தரிக்காய் யாரோடது? சொல்லிட்டு, அப்படியே இதுக்கும் பதில் சொல்லிட்டு இறங்குங்க: உங்க சீட்டப் பாத்து, போர்டு படிக்கத் தெரியாத கத்தரிக்காயத் தனியா ஏத்தி விட்டாங்களே, இறங்குற ஸ்டாப்பு வந்தா அதுக்கு யாரு சொல்லுவா?