சும்மா கிடக்கும் செல்

"எனக்கு எப்பம்மா விடை கொடுப்பீங்க?"

கேட்டவர் பொன்னுரங்கம். பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்று, மைக்ராஸ்கோப் பார்க்கக் கற்றுக்கொள்ள மலையடிவாரத்துக்கு வந்தவர். குரு வாகீசுவரிக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

வாகீசுவரி ஒரு வெங்காய வேர்நுனியைச் சாயத்தில் நனைத்தார். கண்ணாடித் துண்டில் வைத்து நசுக்கி, மைக்ராஸ்கோப்பின் கீழே தள்ளினார்.

"பாருங்க சார். எத்தனை செல் சும்மா இருக்கு?"

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். பட்டென்று சொன்னார்.

"ஏழெட்டு செல் ரெண்டாப் பிரியுது. மத்ததெல்லாம் சும்மாதான் கிடக்கு."

"அப்ப இன்னும் கொஞ்ச நாள் இருங்க."

பொன்னுரங்கத்துக்கு அவசரம். ஊரில் பிள்ளைகளுக்காக ஒரு மைக்ராஸ்கோப் கூடம் திறக்க வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. பஞ்சாயத்தில் ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சித்திரை பிறப்பதற்குள் திறக்காவிட்டால் அது உரக்கிடங்காகிவிடும்.

இந்த அம்மாள் ஏன் இழுத்தடிக்கிறார்?

சம்பளமில்லாத ஆள் போய்விடுவான் என்றா?

*

பங்குனியில் பார்சல்கள் வர ஆரம்பித்தன.

ஏற்கெனவே ஒரு சாராய விளக்கு இருந்தது. இன்னொன்று வந்தது. சாயப் புட்டிகள் இன்னொரு வரிசை வந்தன. வாகீசுவரி எல்லாவற்றையும் பின்னறையில் வைத்துப் பூட்டினார். சுவரில் மாட்டியிருந்த செல் படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, அச்சு அசலாக மறுபடி வரைந்தார்.

கடைசியில் ஒரு மைக்ராஸ்கோப்பே வந்து இறங்கியது.

"யாராவது வர்றாங்களாம்மா?"

"யாரும் வரல சார்."

"அப்புறம் இது எதுக்கு?"

"ஒண்ணு போதாது."

அவ்வளவுதான் பதில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். புதுச் சீடன் ஒருவன் வரப்போகிறான் என்று பொன்னுரங்கம் முடிவுகட்டிவிட்டார். இளவட்டமாக இருப்பான். வந்த மறுநாளே அம்மாள் அவனிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பார். கிழவன் புட்டி கழுவிக்கொண்டே கிடப்பான்.

வாகீசுவரி சந்தைக்குப் போன நேரம், பின்னறைச் சாவி ஆணியில் தொங்கியது. பொன்னுரங்கம் திறந்து நுழைந்தார்.

அறைக்குள் எல்லாமே புதுசு. எல்லாம் துடைத்து வைத்திருந்தது. விளிம்பு உடைந்த ஒரு புட்டியை மட்டும் தனியே ஒதுக்கியிருந்தார் அம்மாள்.

வரப்போகிறவனுக்கு இத்தனை கவனிப்பா?

புது மைக்ராஸ்கோப்பிலிருந்து பெரிய லென்ஸைக் கழற்றினார். வீட்டுச் சாவி கிடந்த சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார். வரட்டும், வந்து இருட்டைப் பார்க்கட்டும்.

*

மறுநாள் காலை வாகீசுவரி கூப்பிட்டார்.

"சார், அன்னைக்குச் சும்மா கிடக்குதுன்னு சொன்னீங்க, இன்னைக்கும் அதையே சொல்வீங்களா? பிரியாத செல் என்ன பண்ணுதுன்னு நினைக்கறீங்க?"

"தூங்குது."

"பிரியறது கொஞ்ச நேரம்தான் சார். அதுக்கு முன்னாடிதான் பாடு. வளரணும். உள்ள இருக்கற டி.என்.ஏ நூலையெல்லாம் இழை இழையாப் படியெடுக்கணும். அப்புறம் எங்கயாவது அறுந்திருக்கா, விட்டுப்போச்சான்னு சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுப் பார்க்கணும். ஒரு குறை இருந்தாலும் பிரியாது. நின்னுடும்."

பொன்னுரங்கத்துக்கு எரிச்சலாக வந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. அந்த ரெண்டாவது மைக்ராஸ்கோப் யாருக்கு?"

"உங்களுக்கு."

பொன்னுரங்கம் பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"லாரி சொல்லியாச்சு. சாமான் எல்லாம் உங்க ஊருக்குத்தான். காலையில சரிபார்த்தேன். ஒரு லென்ஸ் குறையுது."

"எனக்குன்னு ஏம்மா சொல்லல?"

"யாரு வர்றாங்கன்னு கேட்டீங்க. யாரு போறாங்கன்னு கேட்கலையே."

பொன்னுரங்கத்தின் கை சட்டைப்பைக்குப் போனது. லென்ஸையும் கூடவே வந்த வீட்டுச் சாவியையும் எடுத்து மேசையில் வைத்தார். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

வாகீசுவரி திட்டவில்லை. லென்ஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சாவி உரசிடுச்சு. கீறல்."

"இன்னொண்ணு வரவழைக்க..."

"அதுக்குள்ள சித்திரை பிறந்துடும்."

பொன்னுரங்கம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பஞ்சாயத்து அறை போய்விட்டது. தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அழுகை வந்தது.

வாகீசுவரி எழுந்தார். தன்னுடைய பழைய மைக்ராஸ்கோப்பிலிருந்து லென்ஸைக் கழற்றினார். புதியதில் பொருத்தினார். கீறல் விழுந்ததைத் தன்னுடையதில் மாட்டிக்கொண்டார்.

"ஐயோ, என்னம்மா இது! உங்க லென்ஸ்..."

"செல்லும் அப்படித்தான் சார். படியெடுத்த நூலைப் பிரிச்சுப் பாருங்க, ஒரு இழை பழசா இருக்கும், ஒரு இழை புதுசா இருக்கும். பிரியற ரெண்டு செல்லுக்கும் அப்படித்தான் போகுது."

"அந்தக் கீறல்?"

"நான் பார்த்துக்கறேன்."

பழைய வேர்நுனித் துண்டைப் புது மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"பாருங்க. எத்தனை செல் சும்மா இருக்கு?"

பொன்னுரங்கம் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எது சும்மா இருக்குன்னு சொல்ல முடியலைம்மா."

"அப்ப கிளம்புங்க சார். லாரி வந்துடும்."