மதகுப் பலகை

செருப்பைக் கழற்றும்போதே தில்லைநாயகம் சிரித்துக்கொண்டிருந்தார். வேட்டியில் முழங்கால்வரை சேறு. வயலிலிருந்து நேராக வந்திருந்தார்.

மடத்துக் கொல்லையில் உமையாள் அம்மை கீரைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். அம்மை அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் மனைவி இறந்த வருடம் இங்கே வந்து தலை குனிந்த தில்லைநாயகம், அதன்பிறகு அம்மையிடம் சொல்லாமல் எதையும் செய்ததில்லை.

"பலிச்சிடுச்சும்மா" என்றார்.

"என்ன அண்ணே?"

"மழை. நாங்க சொன்ன நாள்ல வந்துச்சு. சொன்ன மாதிரியே கொட்டுச்சு."

உரக்கடையை மூடிவிட்டு அவர் தொடங்கிய வேலை அது. மழைவாக்கு என்று பெயர். மேலமங்கலத்து வயல்களில் மழைமானிக் கம்பங்கள் நட்டிருந்தார். எப்போது விதைக்கலாம், எந்த ரகம் உப்பைத் தாங்கும், என்றைக்கு மருந்தடிக்கக் கூடாது, என்றைக்கு வயலை வடிக்க வேண்டும் என்றெல்லாம் சந்தா கட்டியவர்களின் போனுக்குக் குரல் செய்தி போகும். வேலையாட்களின் சம்பளமும் கம்பங்களின் பராமரிப்பும் அந்தச் சந்தாவில்தான் ஓடின. ஆரம்பத்தில் கேலி பேசிய மேலமங்கலம், இந்த ஐப்பசியில் மொத்தமாகச் சேர்ந்துகொண்டது.

"சந்தா கட்டுன ஒருத்தர் வயலும் மூழ்கலைம்மா. செய்தி போனதும் எல்லாரும் வரப்பை வெட்டி விட்டுட்டாங்க. பேஞ்சது பேஞ்சபடியே வடிஞ்சிடுச்சு."

"வடிஞ்ச தண்ணி எங்க போச்சு?"

"வடிகாலுக்கு."

"அப்புறம்?"

"கடலுக்குத்தான் போகணும்."

"போச்சா?"

தில்லைநாயகம் கிழக்கே திரும்பிப் பார்த்தார். அம்மை மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாத்தினார்.

"பாத்துட்டு வாங்க" என்றார்.

வடிகால் கரையோடு வண்டியில் போனார். கரை உடைந்திருந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார். கடலுக்கு முந்தின கடைசி ஊர் ஓதவயல். அந்த ஊருக்குச் சந்தா கேட்டு அவர் ஆளே அனுப்பியதில்லை. எல்லாம் அரைக்காணிக்காரர்கள், கட்டமாட்டார்கள் என்று விட்டுவிட்டார்.

மழை விட்டு நாளாகியும் அங்கே வயல் வெளியே தெரியவில்லை. வரப்பும் வாய்க்காலும் ஒன்றாகிக் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் நின்றது. முழங்காலளவு தண்ணீரில் ஒரு பெண் குனிந்து, பயிரைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தாள். அழுகல் நாற்றம் கரைவரை வந்தது.

"ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா?" என்று கேட்டாள். "கணக்கெடுக்க வந்திருந்தா காசாம்புன்னு எழுதிக்கங்க."

"இல்லம்மா. சும்மா பாக்க வந்தேன்."

"பாருங்க. தூர் கட்டுற பயிரு."

"பெரிய மழைதான்."

"மழைக்கு என்னங்க. பேயுற மழையை நாங்க பாத்துக்குவோம். இது மேலேருந்து வந்தது. எப்பவும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். இந்தத் தடவை மேல உள்ள தண்ணி அவ்வளவும் சொல்லி வச்ச மாதிரி ஒண்ணா வந்துடுச்சு. பலகையைத் தூக்கப் போனோம். அசையலை."

கடலில் ஓதம் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே புகாமலிருக்க, வடிகாலின் வாயில் ஒரு மதகு உண்டு. அதில் பலகைகளை இறக்குவதும் தூக்குவதும் காலங்காலமாக ஓதவயல்காரர்கள்தான். தண்ணீர் வந்து அழுத்திவிட்டால் பலகை யாருக்கும் மசியாது.

"மழை வருதுன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா முன்னாடியே தூக்கி விட்டிருப்போம்" என்றாள் காசாம்பு. "யாருக்குத் தெரியும்?"

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. தில்லைநாயகத்துக்குக் கால் எழவில்லை.

"எனக்குத் தெரியும்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"மேலமங்கலத்துக்கு நான்தான் சொன்னேன். வயலை வடிக்கச் சொன்னதும் நான்தான்."

"அப்ப எங்களுக்கு?"

"சந்தா கட்டுனவங்களுக்குத்தான்..."



காசாம்பு திட்டவில்லை. கையிலிருந்த பயிரைத் தண்ணீரில் விட்டாள். அது மெல்ல மிதந்து கரையோரம் வந்து நின்றது. அவர் அவளுடைய போன் நம்பரைக் கேட்டார். கேட்டதும் சொன்னாள்.

தேங்கிய தண்ணீர் ஒருவழியாக வடிந்த சமயத்தில், வங்கக்கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. தில்லைநாயகம் முதலில் ஓதவயலுக்குத்தான் போன் செய்தார்.

"மேலமங்கலத்துலேர்ந்து தில்லைநாயகம் பேசுறேம்மா. நாளைக்குச் சாயந்திரத்துலேர்ந்து பெருமழை."



"சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

முந்தின மழையைத் தூக்கிச் சாப்பிடும் மழை அது. குடையும் தாங்காமல், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தில்லைநாயகம் வடிகால் கரையில் நின்றார். தண்ணீர் எங்கும் தேங்காமல் கிழக்கே பாய்ந்துகொண்டே இருந்தது. மதகு அடைத்திருந்தால் அவ்வளவும் எதிர்த்து மேலமங்கலத்து வயல்களிலும் ஏறியிருக்கும்.

மழை விட்டதும் மாசிலாமணி வந்தார். மேலமங்கலத்தில் பெரிய பண்ணை அவருடையது. சந்தாவில் சேர்ந்த முதல் ஆளும் அவர்தான்.

"ஓதவயலுக்குச் சும்மாவே சொல்லியிருக்கீங்களாமே?"

"சொன்னேன்."

"அப்ப கட்டுறவன் இளிச்சவாயனா? அடுத்த பருவம் என் பேரை எடுத்துடுங்க. நான் மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான் பேசுது."

தில்லைநாயகம் மடத்துக்குப் போனார். இந்த முறை சிரிப்பில்லை. அம்மை கூடத்தில் ஈரமான பாய்களை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முனையைத் தில்லைநாயகம் பிடித்துக்கொண்டார்.

"கட்டாதவங்களுக்குச் சொன்னா, கட்டுறவங்க நின்னுடுவாங்கம்மா. அவங்க நின்னா சம்பளம் நிக்கும். கம்பம் துருப்பிடிச்சுப் போகும். அப்புறம் சொல்றதுக்கே ஆள் இருக்காது. மேல உள்ளவங்களுக்கும் இல்லை, கீழ உள்ளவங்களுக்கும் இல்லை. சொல்லாம இருந்தா... அந்த நாத்தம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகலை. நான் என்ன செய்யட்டும்?"

அம்மை பாயை விரித்துவிட்டு உட்கார்ந்தார்.

"பலகையைத் தூக்குனது யாரு அண்ணே?"

"காசாம்பும் அந்தத் தெருப் பொம்பளைங்களும். தூறல் விழும்போதே தூக்கிட்டாங்களாம். ஒரு பலகை சிக்கிக்கிச்சு. கயித்தை இழுத்ததுல காசாம்புக்கு உள்ளங்கை கிழிஞ்சிருக்கு. போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன்."

"அன்னைக்கு அவங்க வயல்ல பயிர் இருந்துச்சா?"

அவர் தலையை நிமிர்த்தினார். இந்தக் கேள்வி அவருக்கு இதுவரை தோன்றவே இல்லை.

"இல்லம்மா" என்றார் மெதுவாக. "முத மழையிலயே போயிடுச்சு."

"மாசிலாமணி வயல்ல?"

"இருந்துச்சு. நல்லா இருக்கு."

அம்மை பாயின் ஓரத்தை நீவிவிட்டார்.

"மாசிலாமணியை ஒருதடவை ஓதவயலுக்குப் போகச் சொல்லுங்க அண்ணே" என்றார் பிறகு. "பலகை தூக்குறதுக்குச் சந்தா எவ்வளவுன்னு காசாம்புகிட்ட கேட்டுட்டு வரட்டும்."