தேரை தூங்கிய இடம்

குளக்கரைக் காட்டில் ஒரு முயலும் ஒரு தேரையும் சேர்ந்து தோட்டம் போட்டிருந்தன. முயல் மண்ணைக் கிளறி அவரையும் கீரையும் விதைக்கும். தேரை அந்தி சாயும்போது செடி செடியாகத் தத்திப் போய்ப் புழு பூச்சிகளைத் தின்னும். தோட்டம் செழித்தது.

பங்குனி வெயில் ஏறியது. தேரையின் தோல் காய்ந்தது. முயலின் வீட்டு வாசலுக்கும் அவரைப் பந்தலுக்கும் நடுவே கொஞ்சம் வெற்றுத்தரை இருந்தது. தேரை அங்கே போய்ப் பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளியது.

"அக்கா, நான் தூங்கப் போகிறேன். முதல் மழை தட்டினால் எழுந்துவிடுவேன். இந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுவை."

"தூங்குவதற்கு இத்தனை பேச்சா? போய்ப் படு" என்றது முயல்.

தேரை சிரித்துக்கொண்டே பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கியது. கடைசியில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. பிறகு மண் மூடிக்கொண்டது.

சில நாள் கழித்து மயில் வந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு குறை சொல்லாமல் திரும்பாத மயில் அது.

"பந்தல் அழகு. பாத்தி அழகு. நடுவில் இது என்ன, வழுக்கை மண்டை மாதிரி? மழை வந்தால் சேறாகுமே, நான் எங்கே தோகை விரிப்பேன்? ஓடையில் தட்டைக் கற்கள் கிடக்கின்றன. பரப்பிவிடு."

"அடியில் என் தம்பி தூங்குகிறான், அண்ணே."

"கல்லுக்குள் இருக்கும் தேரைக்கே சாமி படியளக்கிறார். கல்லுக்கு அடியில் இருப்பவனைக் கைவிட்டுவிடுவாரா?"

முயலுக்கு அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. மழைக்கு முன்னால் ஒரு கல்லை எடுத்துவிட்டால் போகிறது என்று நினைத்துக்கொண்டது. பத்து நாள் கற்களை உருட்டி வந்து நெருக்கமாகப் பதித்தது. இடுக்குகளில் களிமண் பூசியது. தள்ளி நின்று பார்த்தது. அழகாகத்தான் இருந்தது.

சித்திரையில் ஒரு பிற்பகல், யாரும் எதிர்பாராமல் மழை கொட்டியது. கற்கள் பளபளத்தன. மயில் வந்து தோகை விரித்தது. அணில்களும் கீரிகளும் சுற்றி நின்று தோட்டத்தைப் புகழ்ந்தன.

அப்போது தரைக்கு அடியில் மெல்ல ஒரு சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டுவதுபோல.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கல்லை எடுக்க வேண்டும்."

"ஆட்டத்தைப் பாதியில் நிறுத்துவதா? இரு, முடியட்டும்!" என்றது மயில்.

முயல் கூச்சப்பட்டுக் காத்திருந்தது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபோது சத்தம் நின்றிருந்தது. எந்தக் கல்? எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. அவ்வளவு நேர்த்தியாகப் பதித்திருந்தது. முயல் ஒவ்வொன்றாகப் பெயர்த்தது. நகங்கள் உடைந்தன.

பதினோராவது கல்லுக்கு அடியில் தேரை இருந்தது. ஓரங்களில் இறங்கிய மழைநீர் அடிமண்ணைச் சேறாக்கி, அதன் மூக்கை மூடியிருந்தது. முன்னங்கால்கள் மட்டும் மேலே தூக்கியபடி இருந்தன.

"தம்பி, மழை வந்துவிட்டது" என்றது முயல். பிறகு இன்னொரு முறை சொல்லிப் பார்த்தது.

கற்கள் ஓடைக்கே திரும்பிப் போயின. அந்த ஆண்டு அவரையைப் புழு தின்றது. முயல் தடுக்கவில்லை. மழை பெய்தால் மட்டும் அந்த வெற்றுத்தரையின் ஓரத்தில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கும்.

தன் கையால் கல்லை வைத்துவிட்டு, அதற்கு அடியில் இருப்பவரைக் காக்கும் வேலையைக் கடவுளிடம் விடக் கூடாது.