தாயெழுப்பி

ஒரு காட்டில் பெயரில்லாத செடி ஒன்றுகூடக் கிடையாது, குழந்தைகளே. எந்தச் செடியை யார் முதலில் தின்று பார்த்தார்களோ, அவர்கள்தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தின்றவர் செத்துப்போனால்? பக்கத்தில் நின்று பார்த்தவர் வைப்பார். ஒரு சிவப்புப் பழத்துக்குக் கிளிகள் அப்படித்தான் 'கிளிகொல்லி' என்று பெயர் வைத்தன.

முயலளவே இருக்கும் சருகுமானும் ஒரு செடிக்குப் பெயர் வைத்திருந்தது. அது குட்டியாக இருந்தபோது, தெரியாத்தனமாக அந்தச் சிவப்புப் பழத்தைத் தின்ற அதன் தாய் கண் சொருகி விழுந்துவிட்டது. குட்டி அழுதுகொண்டே அகப்பட்ட இலையையெல்லாம் மென்று மென்று தாயின் வாயில் வைத்தது. ஓடையோரத்து இலை ஒன்று தாயை எழுப்பிவிட்டது. அதற்குக் குட்டி 'தாயெழுப்பி' என்று பெயரிட்டது.

அந்தத் தாய் வயதாகிப் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால், அம்மா பக்கத்தில் வந்து நிற்பதுபோல் சருகுமானுக்கு இருக்கும்.

ஒருநாள் பல ஏரிகளில் படித்த கொக்கு ஒன்று பெரிய ஓலைக்கட்டோடு அங்கே வந்தது. செடிக்குக் காட்டுக்கொரு பெயர் இருந்தால் அடுத்த காட்டுக்காரருக்கு எப்படிப் புரியும், எல்லாக் காட்டுக்கும் ஒரே பெயர் வேண்டும் என்றது. பேச்சில் நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சிங்கராஜாவும் தலையாட்டிவிட்டார்.

ஆனால் அது வைத்த பெயர்களைக் கேட்க வேண்டுமே! எல்லாம் அதற்கு வேண்டப்பட்டவர்கள் பெயர். கிளிகொல்லி 'பொன்னலகன் பழம்' ஆயிற்று. பொன்னலகன் என்பது வடக்கு ஏரியில் வாழும் வாத்து, கொக்கின் உயிர்த்தோழன். இந்தக் காட்டை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தாயெழுப்பிக்குக் கொக்கு தன் மைத்துனன் நீள்காலன் பெயரை வைத்தது.

இந்த ஒரு பெயரையாவது விட்டுவிடும்படி சருகுமான் கெஞ்சியது.

"உன் தாயை அடுத்த காட்டில் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டது கொக்கு.

சருகுமான் திரும்பி ஓடைப்பக்கம் போய்விட்டது.

மூன்று மழைக்காலம் போயிற்று. பழைய பெயர்கள் வாயைவிட்டுப் போயின, அவற்றோடு பழைய கதைகளும் போயின. எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறெரிகிறது. சருகுமான் மட்டும் ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைத் தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்ளும்.

பிறகு பொன்னலகன் விருந்தாளியாக வந்தது. கொக்கு பெருமையோடு அதைச் சிவப்புப் பழ மரத்தடிக்கு அழைத்துப் போய், "இது உன் பழம்" என்றது. தன் பழத்தைத் தானே ருசி பார்க்காவிட்டால் எப்படி என்று வாத்து நாலு பழத்தை விழுங்கியது. அடுத்த கணமே கண் சொருகி விழுந்தது.

கொக்கு அலறிக்கொண்டு ஓலைகளைப் புரட்டியது. முந்நூறு பெயர்கள் இருந்தன. எது கொல்லும், எது பிழைக்கவைக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. ஓடிவந்த மிருகங்களும் திருதிருவென்று விழித்தன. இதற்கு ஏதோ ஓர் இலை உண்டே, என்னவோ ஒரு பெயராயிற்றே என்று குரங்கு தலையைச் சொறிந்தது.

சருகுமான் ஓடைக்கு ஓடியது. இலையைப் பறித்து மென்று வாத்தின் அலகுக்குள் வைத்தது. அன்று தாய்க்கு வைத்ததுபோலவே வைத்தது. கொஞ்ச நேரத்தில் வாத்து கண் திறந்தது.

"இந்த இலைக்கு என்ன பெயர்?" என்று கேட்டது கொக்கு.

"நீள்காலன் இலை. நீங்கள் வைத்ததுதானே, கொக்காரே?"

கொக்கின் நீண்ட கழுத்து தொங்கிப்போயிற்று. "அது வேண்டாம். நீ வைத்த பெயரைச் சொல்."

"தாயெழுப்பி" என்றது சருகுமான். அதற்குக் கண் நிறைந்துவிட்டது.

கொக்கு ஓலையில் இருந்த தன் மைத்துனன் பெயரை அடித்துவிட்டது. "இனி எல்லாக் காட்டுக்கும் இந்தப் பெயர்தான் போகும். உன் அம்மா எப்படி விழுந்தாள், எப்படி எழுந்தாள்? முதலிலிருந்து சொல், எழுதிக்கொள்கிறேன்."

சருகுமான் அந்தச் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தாயின் கதையைச் சொல்லத் தொடங்கியது.

நீதி: புதுப் பெயர் வைக்கும் முன், பழகியவர்கள் வைத்த பெயரையும் அதன் காரணத்தையும் கேட்டுக்கொள்.